ஆங்கிலப் பாடம்: ‘டிட் யூ’ என்று கேட்பதா, ‘ஹேவ் யூ’ என்று கேட்பதா?

நடந்த செய்தி ஒன்றை ஆங்கிலத்தில் கேட்பதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, ‘டிட் யூ’ என்று தொடங்குவது. மற்றொன்று, ‘ஹேவ் யூ’ என்று தொடங்குவது. ‘டிட் யூ ஈட்?’ என்றாலும் ‘ஹேவ் யூ ஈட்டன்?’ என்றாலும் ‘சாப்பிட்டீர்களா?’ என்றே நாம் பொருள் கொள்கிறோம். ஆதலால் இரண்டும் ஒன்றே என்று எண்ணிவிடுவோர் நம்மிடையே பலர். உண்மையில் அவை ஒன்றல்ல. எந்தக் காலத்தைப் பற்றிக் கேட்கிறார்கள் என்பதைக் கேள்வியின் முதற்சொல்லே அறிவித்துவிடுகிறது. அதனைக் கவனியாமல் விடை கூறினால், விடை பிழையாகப் போகக்கூடும்.

எடுத்துக்காட்டு ஒன்றைப் பார்ப்போம். மருத்துவமனையில் ஊசி போடுவதற்கு முன் மருத்துவர், ‘ஹேவ் யூ எவர் ஹேட் எ ரியாக்‌ஷன் டு பென்சிலின்?’ என்று கேட்கிறார். பென்சிலின் மருந்து உங்கள் உடம்புக்கு எப்போதாவது ஒவ்வாமற்போனதுண்டா என்பது இதன் பொருள். இன்றையச் செய்தியை மட்டுமே கேட்கிறார் என்று நினைத்து ஒருவர் ‘நோ’ என்று கூறிவிடலாம். பத்தாண்டுகளுக்கு முன் அதே மருந்தினால் முகம் வீங்கி, மூச்சுத் திணறியது அவர் நினைவுக்கு வராமலே போகலாம். மருத்துவரோ பிறந்தநாள் முதல் இந்த நேரம் வரை உள்ள முழு வாழ்நாளையும் பற்றிக் கேட்டார். பென்சிலின் ஒவ்வாமை உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடியது. ‘ஹேவ் யூ எவர்’ என்னும் மூன்று சொற்களின் பொருளை அறிந்திருப்பது அத்தகைய நேரத்தில் பெரிதும் பயன்படும்.

ஆகவே, இவ்விரு வகைக் கேள்விகளையும் இம்மாதப் பாடத்தில் ஆராய்வோம். ஆங்கிலச் சொற்களின் எழுத்துகளைப் பார்க்க விரும்புவோர், பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளின் ஆங்கிலப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வியின் அமைப்பு

ஆங்கில வினைச்சொற்களுக்கு மூன்று வடிவங்கள் உண்டு. அடிக்கடி வழங்கும் சில சொற்களை முதலில் மனத்தில் பதித்துக்கொள்வோம்.

போதல்: கோ – வென்ட் – கான்
பார்த்தல்: சீ – ஸா – சீன்
உண்ணுதல்: ஈட் – ஏட் – ஈட்டன்
எடுத்தல், மருந்து உட்கொள்ளுதல்: டேக் – டுக் – டேக்கன்
செய்தல்: டூ – டிட் – டன்
வருதல்: கம் – கேம் – கம்
வேலை செய்தல்: வொர்க் – வொர்க்ட் – வொர்க்ட்

‘டிட்’ என்று தொடங்கும் கேள்வியில் வினையின் முதல் வடிவமே வரவேண்டும். ‘டிட் யூ கோ?’ என்பது சரி. ‘டிட் யூ வென்ட்?’ என்பது பிழை. இறந்தகாலத்தை ‘டிட்’ என்னும் சொல்லே காட்டிவிடுவதால், வினையும் அதனைக் காட்டவேண்டியதில்லை. ஒரு மூட்டையை இருமுறை நிறுத்துக் கணக்கெழுதுவாருண்டோ?

‘ஹேவ்’ என்று தொடங்கும் கேள்வியில் மூன்றாம் வடிவம் வரவேண்டும். ‘ஹேவ் யூ சீன் தி மண்டோர்?’ என்பது சரி. ‘ஹேவ் யூ ஸா’ என்பதும் ‘ஹேவ் யூ சீ’ என்பதும் பிழை. அவன், அவள், அது என ஒருவரைப் பற்றியோ ஒன்றைப் பற்றியோ கேட்கும்போது ‘ஹேவ்’ என்பது ‘ஹேஸ்’ என்று மாறும். ‘ஹேஸ் தி லோரி கம்?’ என்றால், லோரி வந்துவிட்டதா என்று பொருள். ‘டிட்’ என்னும் சொல்லுக்கு இத்தகைய மாற்றம் இல்லை. அது யாவருக்கும் பொது.

இலக்கண நூல்கள் ‘டிட்’ வகையைச் சாதாரண இறந்தகாலம் என்றும், ‘ஹேவ்’ வகையை நிகழ்கால நிறைவு என்றும் கூறும். இரண்டாவது பெயர் கவனிக்கத்தக்கது. செயல் நிறைவேறியிருப்பினும், அதற்கு நிகழ்காலத்தோடு தொடர்பு அறுந்துபோகவில்லை என்பதையே அப்பெயர் குறிக்கிறது.

மூடிய காலமும் திறந்த காலமும்

நாம் நாள்தோறும் காணும் ஒன்றைக்கொண்டு இந்த வேறுபாட்டை விளக்கலாம். விடியலில் மரத்தை வெட்டியபின் பால் மங்கில் சொட்டிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில், மங்கு நிறைந்துவிட்டதா, இன்னும் இல்லையா என்று கேட்பதற்கு இடமுண்டு. கணக்கு இன்னும் திறந்தே இருக்கிறது. பின்னர்ப் பாலை எடுத்து, நிறுவைக்குக் கொண்டுசென்று, கிராணி எடையைப் புத்தகத்தில் எழுதிவிட்டால் அன்றையக் கணக்கு மூடப்பட்டுவிடுகிறது. அதன்பின் ‘எவ்வளவு வந்தது?’ என்றுதான் கேட்கலாம்.

கேள்வி கேட்பவர் மனத்திலுள்ள காலம் மூடிய காலமாக இருந்தால் ‘டிட்’ வரும். இந்த நேரம் வரை திறந்திருக்கும் காலமாக இருந்தால் ‘ஹேவ்’ வரும். இதுவே இப்பாடத்தின் அடிப்படை விதி.

காலை பத்து மணிக்கு ஒருவர் மற்றொருவரிடம், ‘ஹேவ் யூ சீன் தி மண்டோர் திஸ் மார்னிங்?’ என்று கேட்கலாம். காலைப்பொழுது இன்னும் முடியவில்லை. அதே செய்தியைப் பிற்பகல் மூன்று மணிக்குக் கேட்பதாயின், ‘டிட் யூ சீ தி மண்டோர் திஸ் மார்னிங்?’ என்று கேட்கவேண்டும். ‘திஸ் மார்னிங்’ என்னும் சொற்கள் இரண்டிலும் உள்ளன. ஆனால், பத்து மணிக்குத் திறந்திருந்த காலைப்பொழுது மூன்று மணிக்கு மூடிவிட்டது. ஆதலால் கேள்வியும் மாறிவிட்டது.

இந்த வேறுபாட்டைத் தொழிலாளர் அறிந்திருக்கவேண்டிய சட்டவிதி ஒன்றிலும் காணலாம். தீபகற்ப மலேசியாவில் நடைமுறையிலுள்ள 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி, மருத்துவ விடுப்பில் இருப்பவர் அவ்விடுப்புத் தொடங்கிய 48 மணி நேரத்திற்குள் முதலாளிக்குத் தெரிவித்திருக்கவேண்டும். இயலாவிடில், தெரிவிக்க முயன்றிருக்கவேண்டும். அவ்வாறு செய்யாதவர், மருத்துவரின் சான்றிதழ் இருந்தும், அனுமதியின்றி வேலைக்கு வராதவராகக் கருதப்படுவார். விடுப்பின் முதல்நாள் மாலையில் நண்பர் ஒருவர், ‘ஹேவ் யூ இன்ஃபோர்ம்ட் தி ஆபீஸ்?’ என்று கேட்டால், ‘அலுவலகத்திற்குத் தெரிவித்துவிட்டீர்களா? இல்லையென்றால் இன்னும் நேரமிருக்கிறது’ என்பது அதன் கருத்து. ஒரு வாரம் சென்றபின் அதிகாரி ஒருவர், ‘டிட் யூ இன்ஃபோர்ம் தி ஆபீஸ்?’ என்று கேட்டால், தவணை முடிந்துவிட்டது. அத்தவணைக்குள் தெரிவித்தீர்களா, இல்லையா என்பதே கேள்வி. அப்போது, எந்த நாள், எந்த நேரம், யாரிடம் கூறினோம் என்று விடையிறுக்கவேண்டும்.

தமிழும் மலாயும் தரும் உதவி

இவ்வேறுபாடு நமக்கு முற்றிலும் புதியதன்று. ‘நேற்றுப் பினாங்குக்குப் போனீர்களா?’ என்கிறோம். ‘பினாங்குக்குப் போயிருக்கிறீர்களா?’ என்றும் கேட்கிறோம். முதலாவது, நேற்று என்னும் ஒரு நாளைச் சுட்டுகிறது. இரண்டாவது, வாழ்நாளில் அத்தகைய அனுபவம் உண்டா என்று வினவுகிறது. முன்னது ‘டிட் யூ கோ டு பினாங் யெஸ்டர்டே?’ என்பதற்கும், பின்னது ‘ஹேவ் யூ எவர் பீன் டு பினாங்?’ என்பதற்கும் பொருந்தும். ‘சாப்பாடு ஆயிற்றா?’ என்று கேட்பதும் ‘ஹேவ் யூ ஈட்டன்?’ என்பதையே ஒத்தது.

நம் நாட்டின் தேசிய மொழியும் இங்கே கைகொடுக்கிறது. மலாயில் ‘பெர்னா’ என்று கேட்குமிடத்தில் ஆங்கிலத்தில் ‘ஹேவ் யூ எவர்’ வரும். ‘சுடா’ என்று கேட்டு, ‘பெலும்’ என்று விடை கூறுமிடத்தில் ஆங்கிலத்தில் ‘ஹேவ் யூ… யெட்?’ என்று கேட்டு, ‘நாட் யெட்’ என்று விடை கூறலாம். ‘பிலா’ என்று நடந்துமுடிந்த செயலின் நேரத்தைக் கேட்குமிடத்தில் ‘வென் டிட் யூ’ வரும். கடைத்தெருவில் நாள்தோறும் வழங்கும் இந்த நான்கு மலாய்ச் சொற்களும் ஆங்கில இலக்கணத்திற்கு நல்ல வழிகாட்டிகள்.

ஆயினும், ஓர் எச்சரிக்கை தேவை. தமிழில் ‘நேற்று மருத்துவர் வந்திருக்கிறார்’ என்று சொல்வதில் குற்றமில்லை. ஆங்கிலத்தில் ‘ஹேஸ்’ என்பதோடு ‘யெஸ்டர்டே’ சேராது. ‘ஹேஸ் தி டாக்டர் கம் யெஸ்டர்டே?’ என்று கேட்பது பிழை. ‘டிட் தி டாக்டர் கம் யெஸ்டர்டே?’ என்றே கேட்கவேண்டும். தமிழ் வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் மாற்றும்போதுதான் இந்தப் பிழை நேர்கிறது.

அடையாளச் சொற்கள்

எந்தக் கேள்வியை அமைப்பது என்னும் ஐயம் வரும்போது, வாக்கியத்திலுள்ள காலச் சொல்லைத் தேடவேண்டும்.

மூடிய காலத்தைக் காட்டும் சொற்கள்: யெஸ்டர்டே, லாஸ்ட் நைட், லாஸ்ட் வீக், லாஸ்ட் இயர், த்ரீ டேஸ் அகோ, இன் 2015. இவற்றோடு ‘டிட்’ வரும். ‘வென்’, ‘வாட் டைம்’ என்று, முடிந்த செயலின் நேரத்தைக் கேட்கும்போதும் ‘டிட்’ வரவேண்டும். ‘வென் ஹேவ் யூ கம்?’ என்பது நம்மவர் பலரிடம் கேட்கப்படும் பிழை. ‘வென் டிட் யூ கம்?’ என்பதே சரி.

திறந்த காலத்தைக் காட்டும் சொற்கள்: எவர், யெட், ஆல்ரெடி, சோ ஃபார், சின்ஸ். இவற்றோடு ‘ஹேவ்’ அல்லது ‘ஹேஸ்’ வரும்.

‘லாஸ்ட்’ என்னும் சொல்லைக் கண்டவுடன் ‘டிட்’ என்று முடிவு செய்துவிடலாகாது. ‘லாஸ்ட் இயர்’ என்பது சென்ற ஆண்டு, அது மூடிவிட்டது. ‘இன் தி லாஸ்ட் டென் இயர்ஸ்’ என்பதோ கடந்த பத்தாண்டுகளாக, இன்று வரை என்று பொருள்படும். அது திறந்த காலம். பால்வெட்டுக் கத்தி கையில் பட்டுக் காயமடைந்து மருத்துவமனைக்குச் செல்பவரிடம், ‘ஹேவ் யூ ஹேட் எ டெட்டனஸ் இன்ஜெக்‌ஷன் இன் தி லாஸ்ட் டென் இயர்ஸ்?’ என்று கேட்பதுண்டு. டெட்டனஸ் எனப்படும் இரண ஜன்னியைத் தடுக்கும் ஊசியைப் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் போட்டுக்கொள்ளவேண்டும் என்பது மருத்துவ விதி. ‘யெஸ்’ என்று விடை வந்தால், ‘வென் டிட் யூ ஹேவ் இட்?’ என்று அடுத்த கேள்வி வரும். முதற்கேள்வி திறந்த காலத்தைத் துழாவுகிறது. இரண்டாவது கேள்வி ஒரு நாளைத் தேடுகிறது.

ஆங்கில உரையாடலின் பொதுவான போக்கும் இதுவே. ஒரு செய்தி உண்டா, இல்லையா என்று அறிய ‘ஹேவ் யூ’ என்று தொடங்குவார்கள். உண்டு என்று அறிந்தவுடன், எப்போது, எங்கே, எப்படி என்னும் விவரங்களை ‘டிட்’ கொண்டு கேட்பார்கள்.

எத்தனை ஆண்டுகள்?

‘ஹவ் லாங்’ என்றால் எவ்வளவு காலம் என்று பொருள். இது இரு வகையிலும் வரும். ஆனால் கருத்து மாறிவிடும்.

‘ஹவ் லாங் ஹேவ் யூ வொர்க்ட் ஹியர்?’ என்றால், இங்கே எத்தனை ஆண்டுகளாக வேலை செய்து வருகிறீர்கள் என்று பொருள். கேட்கப்படுபவர் இன்றும் அவ்வேலையில் இருக்கிறார். ‘ஹவ் லாங் டிட் யூ வொர்க் தேர்?’ என்றால், அங்கே எத்தனை ஆண்டுகள் வேலை செய்தீர்கள் என்று பொருள். அவர் அவ்வேலையை விட்டு விலகிவிட்டார்.

விடையிலும் இவ்வேறுபாடு காணப்படும். ‘ஐ ஹேவ் வொர்க்ட் ஹியர் ஃபோர் டுவெல்வ் இயர்ஸ்’ என்பவர் இன்னும் வேலையில் இருக்கிறார். ‘ஐ வொர்க்ட் தேர் ஃபோர் டுவெல்வ் இயர்ஸ்’ என்பவர் அதனை விட்டுவிட்டார். ‘ஃபோர்’ என்பதன்பின் காலத்தின் நீளம் வரும். ‘சின்ஸ்’ என்பதன்பின் தொடங்கிய நேரம் வரும். ‘ஃபோர் டுவெல்வ் இயர்ஸ்’, ‘சின்ஸ் 2010’ என்று சொல்லவேண்டுமேயன்றி, ‘சின்ஸ் டுவெல்வ் இயர்ஸ்’ என்று சொல்லலாகாது.

பணிக்காலம் நமக்குச் சிறிய செய்தியன்று. தோட்டம் விற்கப்பட்டோ, மூடப்பட்டோ ஆட்குறைப்பு நேரும்போது வழங்கவேண்டிய இழப்பீட்டின் குறைந்த அளவை 1980ஆம் ஆண்டு விதிமுறைகள் வகுத்துள்ளன. இரண்டு ஆண்டுகளுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டொன்றுக்குப் 10 நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் வேலை செய்தவருக்கு ஆண்டொன்றுக்கு 15 நாள் சம்பளம். ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு ஆண்டொன்றுக்கு 20 நாள் சம்பளம். குறைந்தது ஓராண்டாவது வேலை செய்திருக்கவேண்டும். இத்தகைய கணக்கின்போது, ‘ஹவ் லாங் ஹேவ் யூ வொர்க்ட்’ என்று கேட்டால், வேலையில் சேர்ந்த நாள் முதல் இன்று வரை கணக்கிட்டுச் சொல்லவேண்டும். ‘டிட் யூ வொர்க்’ என்று கேட்டால், எந்த இடத்தைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று தெளிவுபடுத்திக்கொண்டு விடையளிப்பது நன்று.

மருத்துவமனையில் ஓர் உரையாடல்

காய்ச்சலோடு வந்தவரிடம் மருத்துவர் கேட்பதாகக் கொள்வோம்.

மருத்துவர்: ஹவ் லாங் ஹேவ் யூ ஹேட் ஃபீவர்? (எத்தனை நாளாகக் காய்ச்சல்?)
நோயாளி: ஃபோர் த்ரீ டேஸ். (மூன்று நாளாக.)
மருத்துவர்: வென் டிட் இட் ஸ்டார்ட்? (எப்போது தொடங்கியது?)
நோயாளி: ஆன் மண்டே நைட். (திங்கட்கிழமை இரவு.)
மருத்துவர்: ஹேவ் யூ டேக்கன் எனி மெடிசின்? (மருந்து ஏதாவது சாப்பிட்டிருக்கிறீர்களா?)
நோயாளி: யெஸ், ஐ ஹேவ். (ஆம், சாப்பிட்டிருக்கிறேன்.)
மருத்துவர்: வாட் டிட் யூ டேக் லாஸ்ட் நைட்? (நேற்றிரவு எதைச் சாப்பிட்டீர்கள்?)

முதல் இரண்டு கேள்விகளும் ஒரே செய்தியை இரண்டு பக்கத்திலிருந்து கேட்கின்றன. ஒன்றுக்கு நாள்களின் எண்ணிக்கையும், மற்றொன்றுக்குத் தொடங்கிய நாளும் விடையாகும். டெங்கிக் காய்ச்சலில் எத்தனையாவது நாள் என்பதைக் கொண்டே மருத்துவர்கள் இரத்தப் பரிசோதனையையும் கண்காணிப்பையும் முடிவு செய்கிறார்கள். ஆகையால் ‘த்ரீ டேஸ்’ என்பதையும் ‘த்ரீ டேஸ் அகோ’ என்பதையும் இடமறிந்து கூறப் பழகவேண்டும். முன்னது மூன்று நாள். பின்னது மூன்று நாளுக்கு முன்.

சுருக்கமான விடைகளிலும் கேள்வியின் முதற்சொல்லே திரும்பி வரும். ‘ஹேவ் யூ?’ என்றால் ‘யெஸ், ஐ ஹேவ்’ அல்லது ‘நோ, ஐ ஹேவண்ட்’. ‘டிட் யூ?’ என்றால் ‘யெஸ், ஐ டிட்’ அல்லது ‘நோ, ஐ டிடண்ட்’.

இன்னும் இரண்டு குறிப்புகள்

‘ஹேஸ் ஹி கான் டு ஈப்போ?’ என்பதும் ‘ஹேஸ் ஹி பீன் டு ஈப்போ?’ என்பதும் வேறு வேறு. ‘கான்’ என்றால் போயிருக்கிறார், இன்னும் திரும்பவில்லை என்று பொருள். ‘பீன்’ என்றால் போய்த் திரும்பிய அனுபவம் உண்டு என்று பொருள். ஆகவே எதிரில் நிற்பவரிடம் ‘ஹேவ் யூ எவர் கான் டு ஈப்போ?’ என்று கேளாமல், ‘ஹேவ் யூ எவர் பீன்’ என்று கேட்பதே பொருத்தம்.

அமெரிக்கத் திரைப்படங்களில் ‘டிட் யூ ஈட் யெட்?’ என்று பேசுவதைக் கேட்கலாம். அது அந்நாட்டுப் பேச்சுவழக்கு. நம் பள்ளிகளில் பிரிட்டிஷ் வழக்கே கற்பிக்கப்படுகிறது. தேர்வு எழுதும் நம் பிள்ளைகள் ‘ஹேவ் யூ ஈட்டன் யெட்?’ என்று எழுதுவதே நன்று.

பயிற்சி

கீழுள்ள தமிழ்க் கேள்விகளை ஆங்கிலத்தில் அமைத்துப் பாருங்கள். விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு முயல்க.

1. நேற்று மருத்துவமனைக்குப் போனீர்களா?
2. எப்போதாவது புலியைப் பார்த்திருக்கிறீர்களா?
3. லோரி எத்தனை மணிக்கு வந்தது?
4. லோரி வந்துவிட்டதா, இன்னும் இல்லையா?
5. இன்று காலை கிராணியைப் பார்த்தீர்களா? (கேட்கும் நேரம் மாலை ஐந்து மணி.)
6. தைப்பிங்கில் எத்தனை ஆண்டுகள் வேலை செய்தீர்கள்? (கேட்கப்படுபவர் இப்போது கிள்ளானில் வேலை செய்கிறார்.)

விடைகள்

1. டிட் யூ கோ டு தி ஹாஸ்பிடல் யெஸ்டர்டே? ‘நேற்று’ மூடிய காலம்.
2. ஹேவ் யூ எவர் சீன் எ டைகர்? வாழ்நாள் முழுவதையும் பற்றிய கேள்வி.
3. வாட் டைம் டிட் தி லோரி கம்? முடிந்த செயலின் நேரத்தைக் கேட்கிறோம்.
4. ஹேஸ் தி லோரி கம் யெட்? வருவதற்கு இன்னும் இடமுண்டு.
5. டிட் யூ சீ தி கிராணி திஸ் மார்னிங்? காலைப்பொழுது முடிந்துவிட்டது.
6. ஹவ் லாங் டிட் யூ வொர்க் இன் தைப்பிங்? அவ்வேலை முடிந்துவிட்டது.

விதியை மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது. வாய்விட்டுப் பேசிப் பழகுதல் வேண்டும். இரவு உணவின்போது வீட்டில் ஒருவர் ‘ஹேவ் யூ’ என்று ஒரு கேள்வியும், அதனைத் தொடர்ந்து ‘வென் டிட் யூ’ என்று ஒரு கேள்வியும் கேட்கட்டும். மற்றவர் விடை கூறட்டும். பள்ளியில் பயிலும் பிள்ளை பெற்றோருக்குத் திருத்திக் கொடுப்பதில் வெட்கப்படுவதற்கு ஒன்றுமில்லை. பெற்றோரோடு பேசிப் பழகும் பிள்ளைக்கும் பாடம் நன்கு பதியும். நாளொன்றுக்கு இரண்டு கேள்விகள் வீதம் ஒரு மாதம் பழகினால், அலுவலகத்திலோ மருத்துவமனையிலோ ஆங்கிலக் கேள்வி எழும்போது, மூடிய காலத்தைக் கேட்கிறார்களா, திறந்த காலத்தைக் கேட்கிறார்களா என்பது முதற்சொல்லிலேயே விளங்கிவிடும்.